வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழி உடைவது ஏன்?

கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். "பேஸ்பாலில் எட்டு இன்னிங்ஸ் வரை ஓர் அணி முன்னிலையில் இருக்கிறது. ஒன்பதாவதில் புதிதாக ஒரு பிட்சர், அதாவது பந்து வீசுபவர், வருகிறார். பதினைந்து, இருபது பந்துகள் வீசினால் போதும். அதற்கே கோடிக்கணக்கில் சம்பளம். அப்படியும் ஆட்டத்தைக் கோட்டைவிடுகிறார்களே, இவர்களுக்கு நெஞ்சுரம் போதவில்லையா?"

இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஆட்டத்தைப் பார்த்து வருகிறேன். நெஞ்சுரம் போதவில்லை என்ற பதிலை வர்ணனையாளர்கள் முதல் டீக்கடை நிபுணர்கள் வரை எல்லோரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது பெரும்பாலும் தவறான பதில் என்பதே என் உறுதியான கருத்து. கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு முதலில் உறைக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒருநாள் ஆட்டத்தில் பந்துகளுக்குக் கணக்கு இருக்கிறது. கடைசி ஓவரில் ஆறு பந்துகளைத் தாக்குப்பிடித்துவிட்டால், எதிரணியின் விக்கெட்டை வீழ்த்தாமலேயே ஜெயித்துவிடலாம். பேஸ்பாலில் அந்தச் சலுகை கிடையாது. ஓர் இன்னிங்ஸ் முடிய எதிரணியில் மூன்று பேரை அவுட் ஆக்கியே தீர வேண்டும். 10 ரன் முன்னிலை இருந்தாலும், ஒன்பதாவது இன்னிங்ஸின் மூன்றாவது அவுட், அதாவது 27ஆவது அவுட், விழும்வரை ஆட்டம் முடியாது. 1986 ஏப்ரலில் ஷார்ஜாவில் கடைசிப் பந்தில் பாகிஸ்தானுக்கு 4 ரன் தேவைப்பட்டபோது சேத்தன் சர்மா வீசிய பந்தை ஜாவேத் மியான்தத் சிக்சருக்கு அனுப்பினார். அந்த ஒரு பந்து சேத்தன் சர்மாவை எத்தனை ஆண்டுகள் துரத்தியது என்று நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட நிமிடத்தில் நிற்பதற்கென்றே பேஸ்பால் அணிகள் தனியாக ஓர் ஆளை வைத்திருக்கின்றன. அவர்தான் குளோசர். ஆண்டுக்கு அறுபது, எழுபது முறை அவர் பந்து வீசும் அந்த மண்மேட்டில் ஏறி நிற்கிறார்.

அவர் வேலையை முடித்தால் கணக்கில் ஒரு 'சேவ்' ஏறும். சிகாகோ விளையாட்டுச் செய்தியாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் யோசித்த கணக்கு இது; 1969இல் அதிகாரபூர்வமானது. பொதுவாக, மூன்று ரன்களுக்கு மிகாத முன்னிலையில் வந்து, குறைந்தது ஓர் இன்னிங்ஸ் வீசி, ஆட்டத்தை வெற்றியோடு முடித்தால் சேவ். சேவ் வாய்ப்போடு வந்து, எதிரணி சமன் செய்யும் ரன்னை அடிக்க விட்டால் அது 'பிளோன் சேவ்', அதாவது கைநழுவிய சேவ். முன்பு வீசியவர் பேஸில் (ரன் எடுக்க வரிசையாகத் தொட்டுவர வேண்டிய தளங்களில் ஒன்றில்) விட்டுப்போன ஆள் ஓடிவந்து அந்த ரன்னை எடுத்தாலும் பழி வந்தவர் தலையில்தான் விழும். ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸில் வீசும் துணை பிட்சர்களின் நிலைமை இன்னும் மோசம். அவர்களுக்குச் சேவ் கிடைக்கும் வாய்ப்பே அநேகமாகக் கிடையாது, ஆனால் கைநழுவிய சேவ் மட்டும் பெயரில் ஏறிவிடும்.

இன்னோர் எண்ணையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு முன்னிலையோடு போகும் அணி சுமார் 95 சதவீத ஆட்டங்களை வென்றுவிடுகிறது. குளோசர் என்ற தனிப் பதவியே இல்லாத காலத்திலும் ஏறத்தாழ அதே நிலைதான். ஆகவே ரசிகர் மனத்தில் வெற்றி முன்கூட்டியே பதிவாகிவிடுகிறது. குளோசர் ஜெயித்தால் நடக்க வேண்டியது நடந்தது, அவ்வளவுதான். தோற்றால், கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டவர் ஆகிறார்.

இந்த வேலையில் எல்லாக் காலத்திலும் மிகச் சிறந்தவர் யார் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை: நியூயார்க் யாங்கீஸின் மரியானோ ரிவேரா. பனாமாவில் மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். 652 சேவ்கள். 2019இல், வாக்களித்த ஒருவர்கூட விடாமல் அனைவரின் வாக்கும் பெற்று பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் நுழைந்த முதல் ஆட்டக்காரர். அவருடைய கைநழுவிய சேவ்கள் 80. சுமார் ஒன்பது முறைக்கு ஒரு முறை அவரும் கோட்டைவிட்டிருக்கிறார். உலகத்திலேயே சிறந்தவரின் கணக்கு இது. மற்றவர்களை அளக்கும்போது இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி 2001 வேர்ல்ட் சீரிஸுக்கு, அதாவது அமெரிக்க பேஸ்பாலின் ஆண்டு இறுதிக் கோப்பைத் தொடருக்கு, வருகிறேன். உங்கள் கேள்விக்கான பதிலில் முக்கால்வாசி அந்த ஒரே தொடரில் இருக்கிறது. யாங்கீஸுக்கும் அரிசோனா டைமண்ட்பேக்ஸுக்கும் இடையே ஏழு ஆட்டங்கள். செப்டம்பர் 11 தாக்குதலால் அந்த ஆண்டு ஆட்டங்கள் தள்ளிப்போய், தொடர் நவம்பர் வரை நீண்டது.

நான்காவது ஆட்டம், அக்டோபர் 31, நியூயார்க். அரிசோனா 3-1 என்று முன்னிலை. எட்டாவது இன்னிங்ஸில் குளோசர் பியுங்-ஹியுன் கிம்மை அழைத்தார்கள். தென் கொரியாவிலிருந்து வந்த 22 வயது இளைஞர். கை தரையை உரசுவதுபோல் கீழிருந்து பந்தை எறிவார். பந்து எங்கிருந்து முளைக்கிறது என்று பேட்டருக்குப் பிடிபடாது. எட்டாவதில் மூன்று பேரையும் ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது பந்தைச் சரியாக அடிக்கவிடாமல் மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றினார். ஒன்பதாவதில் இரண்டு அவுட், ஒருவர் பேஸில். யாங்கீஸின் டினோ மார்ட்டினெஸ் சந்தித்த முதல் பந்திலேயே ஹோம் ரன். பந்து வேலியைத் தாண்ட, பேஸில் நின்றவருக்கும் அடித்தவருக்கும் சேர்த்து இரண்டு ரன். 3-3.

சமன் ஆன பிறகும் கிம்மை மாற்றவில்லை. பத்தாவது இன்னிங்ஸையும் அவரே வீசினார். நள்ளிரவு தாண்டி நவம்பர் பிறந்தது. இரண்டு அவுட் ஆன பிறகு டெரெக் ஜீட்டர் பந்துக்குப் பந்து இழுத்தடித்து, கடைசியில் வலது மூலையில் வேலிக்கு மேல் ஒரு ஹோம் ரன் அடித்தார். ஆட்டம் முடிந்தது. அன்று கிம் வீசியவை 60க்கும் மேற்பட்ட பந்துகள். வழக்கமாக ஒரு குளோசர் வீசுவதைப்போல் மூன்று, நான்கு மடங்கு.

மறுநாள் இரவு அரிசோனா 2-0 முன்னிலை. ஒன்பதாவது இன்னிங்ஸ். அதே கிம் மறுபடி வந்தார். யாங்கீஸுக்கு இரண்டு அவுட், ஒருவர் இரண்டாவது பேஸில். ஸ்காட் ப்ரோஷஸ் ஹோம் ரன். மறுபடி சமன். அடித்த மறுகணமே தெரிந்துவிட்டது. கிம் மேட்டில் குந்தி உட்கார்ந்துவிட்டார். சக ஆட்டக்காரர்கள் ஓடிவந்து அவரை அணைத்துக்கொண்டார்கள். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் அந்த ஆட்டமும் போனது.

மறுநாள் எல்லோரும் சொன்னது: பையன் பயந்துவிட்டான், நியூயார்க் கூட்டத்தின் சத்தம் அவனை விழுங்கிவிட்டது. நான் கேட்கிறேன்: முந்தைய இரவு 60 பந்துகளுக்கு மேல் வீசிய கையை 24 மணி நேரத்துக்குள் மறுபடி மேடேற்றியது யார்? பயந்தவன் எட்டாவது இன்னிங்ஸில் மூன்று பேரை வரிசையாக ஸ்ட்ரைக் அவுட் செய்வானா? கீழிருந்து எறியும் பந்து வளைந்து இறங்க வேண்டுமென்றால் விரல்களில் விறைப்பு வேண்டும். கை களைத்தால் பந்து வளையாது, இடுப்பு உயரத்தில் மிதந்து வரும். மட்டைக்கு அதைவிட வசதியான பந்து வேறில்லை. அடுத்த ஆண்டே கிம் 36 சேவ்கள் எடுத்தார்; சிறந்த ஆட்டக்காரர்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கும் தேர்வானார். நெஞ்சு உடைந்துபோன ஒருவரால் ஆறு மாதத்தில் இப்படித் திரும்பி வர முடியாது.

இந்தக் கதையின் மறுபாதி ஏழாவது ஆட்டம். 2001 நவம்பர் 4, ஃபீனிக்ஸ். யாங்கீஸ் 2-1 முன்னிலை. எட்டாவதில் ரிவேரா வந்து மூன்று பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். இறுதிக்கட்டத் தொடர்களில் அதுவரை தொடர்ந்து 23 சேவ் வாய்ப்புகளை அவர் தவறவிட்டதே இல்லை. தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் எழுந்து போயிருப்பார்கள்.

ஒன்பதாவது இன்னிங்ஸை மெதுவாகப் பாருங்கள். மார்க் கிரேஸ் ஓர் ஒற்றை அடி அடித்து முதல் பேஸுக்குப் போனார். அடுத்தவர் டேமியன் மில்லர் பந்தை மெல்லத் தட்டி வைத்தார். அதை எடுத்த ரிவேரா இரண்டாவது பேஸுக்கு எறிந்தார். பந்து விலகிப் போனது. ஆட்டத்தை மாற்றிய தவறு அதுதான், அது வீச்சில் நடந்ததே அல்ல. ஜே பெல்லும் பந்தைத் தட்டி வைத்தார். இந்த முறை ரிவேரா மூன்றாவது பேஸுக்குச் சரியாக எறிந்து ஒரு அவுட் எடுத்தார். டோனி வோமாக் வலது பக்கம் இரட்டை அடி; 2-2. கிரெய்க் கவுன்செல் மீது பந்து பட்டது. மூன்று பேஸ்களிலும் ஆள், ஒரு அவுட். அடுத்தவர் லூயிஸ் கொன்சாலெஸ்.

ரிவேராவின் ஆயுதம் ஒன்றே ஒன்று: கட்டர். நேராக வருவதுபோல் வந்து, கடைசி ஐந்தாறு அடியில் இடக்கை பேட்டரின் உடம்பை நோக்கி வெட்டித் திரும்பும். மட்டையின் தடித்த பகுதியில் படாமல் கைப்பிடிப் பக்கம் படும். எத்தனையோ மட்டைகள் அதில் பிளந்திருக்கின்றன. மூன்றாவது பேஸில் நிற்பவர் ரன் எடுக்க ஓடிவரும்போது ஹோம் தளத்திலேயே அவரை அவுட் ஆக்க வேண்டும் என்பதால் யாங்கீஸின் உள்வட்ட ஃபீல்டர்கள் முன்னே வந்து நின்றார்கள். வர்ணனையில் இருந்த டிம் மெக்கார்வர், முன்னாள் கேட்சர் (கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் போன்றவர்), அந்த நொடியில் ஓர் எச்சரிக்கை விடுத்தார்: ரிவேரா இடக்கைக்காரர்களுக்கு உள்ளே வீசுகிறவர், அவர்களுடைய அடி வலுவில்லாமல் உள்வட்டத்துக்குச் சற்றுப் பின்னால் விழும், ஃபீல்டர்களை முன்னே நிறுத்துவதில் உள்ள ஆபத்து அதுதான் என்று. அடுத்த பந்து. கட்டர், வர வேண்டிய இடத்துக்கே வந்தது. கைப்பிடிப் பக்கம் பட்டது. வலுவில்லாமல் எழும்பி, ஜீட்டரின் தலைக்கு மேலாகப் போய், புல்தரையின் ஓரத்தில் விழுந்தது. ஜீட்டர் வழக்கமான இடத்தில் நின்றிருந்தால் இரண்டடி பின்வாங்கிக் கையில் வாங்கியிருப்பார். அரிசோனா 3-2.

அந்தப் பந்தை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். அதில் குறை காண எனக்குத் தெரியவில்லை. பிட்சர் செய்ய நினைத்ததைச் செய்தார், பேட்டர் தோற்றார், ஆட்டம் பேட்டருக்குக் கிடைத்தது. கிம்மின் கையிலிருந்து நழுவிய கோப்பையை உலகின் தலைசிறந்த குளோசர் அவருடைய அணிக்கே திருப்பித் தரும்படி ஆயிற்று.

அந்தத் தோல்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. யாங்கீஸ் ஜெயித்திருந்தால் நியூயார்க்கில் வெற்றி ஊர்வலம் நடந்திருக்கும். அணியில் ரிவேராவின் நண்பரான என்ரிக்கே வில்சன் அதற்காகத் தங்கியிருந்து, நவம்பர் 12 அன்று டொமினிக்கன் குடியரசுக்கு விமானம் ஏறியிருப்பார். தோற்றதால் முன்கூட்டியே கிளம்பிவிட்டார். அந்த 12ஆம் தேதி விமானம் குயின்ஸ் பகுதியில் விழுந்து நொறுங்கியது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 265 பேர் இறந்தார்கள். தோற்றதில் தனக்கு மகிழ்ச்சியே, நண்பன் உயிரோடு இருக்கிறான் என்று ரிவேரா பின்னாளில் சொன்னார்.

இப்போது நிர்வாகத் தவறுகள். தோல்விகளில் பெரும்பங்கு இங்கேதான் விளைகிறது, ஆனால் கணக்குப் புத்தகத்தில் மேலாளருக்கென்று ஒரு கட்டம் இல்லை.

நியூ ஜெர்சியில் சிறிய மைதானம் ஒன்றில் புல்பென்னுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓர் ஆட்டம் பார்த்தேன். புல்பென் என்பது மாற்றுப் பிட்சர்கள் கைச்சூடு ஏற்றிக்கொள்ளும் இடம். சுவரில் ஒரு தொலைபேசி. ஏழாவது இன்னிங்ஸில் அது ஒலித்தது. ஓர் இளைஞர் எழுந்து மேலங்கியைக் கழற்றி வீசத் தொடங்கினார். கேட்சரின் உறையில் பந்து விழும் சத்தம் பலகையால் அறைவதுபோல் இருந்தது. இருபது, இருபத்தைந்து பந்துகள். மறுபடி தொலைபேசி, உட்காரச் சொன்னார்கள். எட்டாவதில் மறுபடி எழுந்தார், வீசினார், உட்கார்ந்தார். ஒன்பதாவதில்தான் உள்ளே ஓடினார். அதற்குள் அந்தக் கை ஓர் ஆட்டத்துக்கான உழைப்பை முடித்திருந்தது. மறுநாள் பத்திரிகையில் அவர் பெயருக்கு எதிரே இருக்கப்போவது 14 பந்து என்ற எண் மட்டும்தான்.

2016 வேர்ல்ட் சீரிஸில் சிகாகோ கப்ஸ் அணியின் ஆரோல்டிஸ் சாப்மனுக்கு நடந்ததும் இதுவே. ஐந்தாவது ஆட்டத்தில் அவர் எட்டு அவுட்கள் எடுக்க வேண்டியிருந்தது. ஆறாவதில் கப்ஸ் 7-2 என்று வசதியாக முன்னிலையில் இருந்தபோதும் மேலாளர் ஜோ மேடன் அவரை ஏழாவது இன்னிங்ஸிலேயே இறக்கினார். மறுநாள் ஏழாவது ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் அவருடைய வழக்கமான வேகம் கையில் இல்லை. கிளீவ்லாந்தின் ராஜய் டேவிஸ் இரண்டு ரன் ஹோம் ரன் அடித்து 6-6 ஆக்கினார். கப்ஸ் பத்தாவது இன்னிங்ஸில் 8-7 என்று வென்று 1908க்குப் பிறகு முதல் முறையாகக் கோப்பையைத் தூக்கியது. முன்னிலையை இழந்த சாப்மன் பெயரில்தான் அந்த வெற்றி எழுதப்பட்டது! இந்தக் கணக்குகளை வைத்து ஒரு மனிதரின் நெஞ்சுரத்தை அளக்க முடியாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

நேர் எதிரான தவறும் அதே ஆண்டு அக்டோபரில் நடந்தது. பால்டிமோர் ஓரியோல்ஸின் ஜாக் பிரிட்டன் அந்த ஆண்டு 47 வாய்ப்புகளில் 47 சேவ் எடுத்தவர். டொராண்டோவில் நடந்த, தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டத்தில் ஸ்கோர் 2-2. சேவ் நிலைமை வரட்டும் என்று அவரை உட்காரவைத்தே வைத்திருந்தார்கள். பதினோராவது இன்னிங்ஸில் வேறொருவர் வீசிய பந்தில் எட்வின் என்கர்னாசியோன் ஹோம் ரன் அடிக்க, ஆட்டம் முடிந்தது. ஆண்டின் சிறந்த குளோசர் கையில் பந்து போகவே இல்லை. ஒரு புள்ளிவிவரத்தின் விதி மேலாளரின் கையைக் கட்டிப்போட்டது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த காரணம், இவர்களின் பந்து வகைகள் குறைவு. முழு ஆட்டம் வீசுபவருக்கு நான்கைந்து வகை வேண்டும். குளோசருக்கு ஒன்றோ இரண்டோ போதும், ஏனெனில் ஒரே பேட்டரை ஒரே இரவில் இரண்டாவது முறை சந்திப்பது அபூர்வம். அதுவே பலம், அதுவே ஆபத்து. 1988 வேர்ல்ட் சீரிஸ் முதல் ஆட்டத்தில் ஓக்லாந்தின் டென்னிஸ் எக்கர்ஸ்லி 4-3 முன்னிலையைக் காத்துக்கொண்டிருந்தார். இரண்டு அவுட் ஆன பிறகு, நான்கு தவறான பந்துகள் வீசி மைக் டேவிஸை முதல் பேஸுக்கு நடந்து போகவிட்டார். மேட்டுக்கு எதிரே நின்றவர் டாட்ஜர்ஸின் கிர்க் கிப்சன். இரண்டு கால்களிலும் காயம், சரியாக நடக்கவே முடியாதவர். மூன்று பால் (தவறான பந்து), இரண்டு ஸ்ட்ரைக் என்று ஆனால் எக்கர்ஸ்லி இடக்கைக்காரருக்கு வெளியிலிருந்து உள்ளே வளையும் ஸ்லைடர்தான் வீசுவார் என்று டாட்ஜர்ஸின் உளவாளர் மெல் டிடியே முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அதேபோல் வந்தது. கிப்சன் அதற்கே காத்திருந்தார். 5-4.

எக்கர்ஸ்லி அன்றிரவு ஒளிந்துகொள்ளவில்லை. உடைமாற்றும் அறையில் நின்று, கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னார். பிட்சர் தலையைத் தொங்கப்போட்டு வெளியேற வைக்கும் இப்படிப்பட்ட அடிக்கு இன்று எல்லோரும் சொல்லும் 'வாக்-ஆஃப்' என்ற பெயரே அவர் வாயிலிருந்து வந்ததுதான். நான்கு ஆண்டுகள் கழித்து, 1992இல், சிறந்த பிட்சருக்கான சை யங் விருதையும் லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதையும் ஒரே ஆண்டில் வாங்கினார்.

எல்லோருக்கும் அப்படி மீள வாய்ப்பதில்லை. 1986 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியா ஏஞ்சல்ஸ் அணி, வரலாற்றில் முதல் முறையாக வேர்ல்ட் சீரிஸுக்குப் போக ஒரே ஒரு ஸ்ட்ரைக் பாக்கி. டானி மூர் தோள்வலியோடு வீசிக்கொண்டிருந்தார். பாஸ்டனின் டேவ் ஹெண்டர்சன் ஹோம் ரன் அடித்து 6-5 ஆக்கினார். பலரும் மறந்துவிட்டது அதற்குப் பிறகு நடந்தது. ஒன்பதாவதின் கடைசிப் பாதியில் ஏஞ்சல்ஸ் 6-6 என்று சமன் செய்தது. மூன்று பேஸ்களிலும் ஆள், ஒரே அவுட். ஒரு ரன் போதும். அடுத்த இருவரும் அவுட். அந்த இருவரின் பெயரை இன்று எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறார்கள்? ஆட்டம் பதினோராவதில்தான் போனது, தொடரில் அதற்குப் பிறகும் இரண்டு ஆட்டங்கள் இருந்தன. ஆனாலும் சொந்த ஊர் ரசிகர்கள் மூரைத் தொடர்ந்து கூச்சலிட்டு அவமதித்தார்கள். 1989 ஜூலையில், ஆட்ட வாழ்க்கை முடிந்துபோயிருந்த நிலையில், அவர் மனைவியைச் சுட்டுவிட்டுத் தன் உயிரையும் மாய்த்துக்கொண்டார், மனைவி பிழைத்தார். ஒரு பந்து அவரைக் கொன்றது என்று எழுதுகிறார்கள். அந்த எளிய கதையை நான் ஏற்கவில்லை. அந்த வீட்டுக்குள் இருந்த துன்பம் ஒரு ஹோம் ரன்னைவிடப் பெரியது. கூச்சல் அதைக் கூட்டியிருக்கும், குறைத்திருக்காது.

நெஞ்சுரம்தான் எல்லாம் என்று இன்னும் தோன்றினால் பிராட் லிட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். 2005இல் ஹூஸ்டனுக்காக வீசியபோது ஆல்பர்ட் புஹோல்ஸ் அவர் பந்தை அரங்கின் கண்ணாடிச் சுவர் உயரத்துக்கு அடித்தார். அதோடு அவர் மனம் முடிந்தது என்றார்கள். 2008இல் பிலடெல்பியாவுக்கு வந்து 41 வாய்ப்புகளில் 41, இறுதிக்கட்டத்தில் 7க்கு 7. ஒன்றுகூடத் தவறவில்லை; கோப்பையும் கிடைத்தது. மறு ஆண்டு, 2009இல், 11 கைநழுவிய சேவ்கள். அதே ஆள், அதே ஸ்லைடர். ஓராண்டில் ஒருவருக்கு நெஞ்சுரம் வந்து, மறு ஆண்டில் காணாமல் போகுமா? ஆண்டுக்கு 60, 70 இன்னிங்ஸ் மட்டுமே வீசுபவரின் எண்கள் அப்படித்தான் ஊசலாடும். முட்டியில் சிறு வலி, ஸ்லைடர் வழக்கத்தைவிட இரண்டு அங்குலம் குறைவாக வளைவது, நான்கு கெட்ட இரவுகள்; ஆண்டே பாழ்.

பதற்றமே கிடையாது என்று சொல்ல வரவில்லை. இருக்கிறது, இவர்கள் எல்லோருக்கும் இருக்கிறது. ரிவேரா இரண்டாவது பேஸுக்கு எறிந்த அந்தப் பந்தில்கூட அவசரம் இருந்திருக்கலாம். ஆகவே அடுத்த முறை ஒரு குளோசர் கோட்டைவிடும்போது, நேற்றும் முந்தாநாளும் அவர் எத்தனை பந்து வீசினார், யாருடைய ஆள் பேஸில் நின்றார், அடிபட்ட பந்து மிதந்து வந்ததா, வளைந்து வந்ததா என்று முதலில் பாருங்கள். இத்தனைக்கும் விடை கிடைத்த பிறகும் ஏதாவது மிஞ்சினால், அதை மனத்தின் கணக்கில் எழுதலாம்.

அந்த 2009 வேர்ல்ட் சீரிஸில் லிட்ஜின் பிலடெல்பியாவை எதிர்த்து ஆடியது யாங்கீஸ். ஆறாவது ஆட்டத்தில் 7-3 முன்னிலை. எட்டாவது இன்னிங்ஸில் ஒரு அவுட் ஆனதும், நாற்பது வயதை நெருங்கிய ரிவேரா புல்பென்னிலிருந்து மெல்ல ஓடிவந்தார். ஒன்பதாவதில் இரண்டு அவுட். ஷேன் விக்டோரினோ பந்துக்குப் பந்து விளிம்பில் தட்டித் தட்டித் தாக்குப்பிடித்தார். கடைசியில் ஒரு கட்டர். தரையில் உருண்டு ராபின்சன் கனோவிடம் போனது, அவர் முதல் பேஸுக்கு எறிந்தார். ரிவேரா இரண்டு கைகளையும் உயர்த்தினார். அன்றும் தேதி நவம்பர் 4.